கண்ணாடி இல்லாத முகம்

கயல்விழியின் கண்ணாடி இல்லாத முகம் தனக்கு மட்டும்தான் என்று கொளஞ்சியப்பன் கல்யாணமான நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தான். அவள் அம்மா பார்த்திருப்பாள், கூடப் பிறந்தவர்கள் பார்த்திருப்பார்கள். அதையெல்லாம் அவன் கணக்கில் சேர்க்கவில்லை. மைனஸ் ஏழு பவர் அவளுக்கு. காலையில் கண் விழித்ததும் கை தலையணை ஓரம் துழாவும். கண்ணாடி மூக்கில் ஏறின பிறகுதான் சுவர், கதவு, அடுப்பு எல்லாம் அவளுக்கு உண்டு. படுக்கும்போதுதான் கழற்றுவாள். அந்தக் கனத்த கண்ணாடிக்குள் சுண்டைக்காய் மாதிரி சுருங்கிக் கிடந்த கண்கள், கழற்றியதும் அகலமாக விரியும். ஒரு சாணுக்கு அப்பால் எதுவும் தெரியாது. அந்த ஒரு சாணுக்குள் அவன் இருந்தான். அது போதும் என்று இருந்தது அவனுக்கு.

அப்படிப்பட்ட முகத்தை அவள் ஊருக்கே காட்டிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்குவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

சிதம்பரத்தில் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. காலையில் குடிகாட்டில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பி வருவாள். அவன் செம்மங்குப்பத்தில் சாயப்பொடி செய்கிற கம்பெனியில் ஆபரேட்டர். முதல் ஷிப்ட் முடிந்த நாளில் வண்டியை எடுத்துக்கொண்டு நிறுத்தத்தில் நிற்பான். அன்றைக்கும் நின்றான். பஸ் நின்றது. முன்வாசலில் ஒருத்தி இறங்கினாள். மாநிறம், பெரிய கண்ணு. நல்லா இருக்காளே என்று பார்த்தான். பார்த்து முடிப்பதற்குள் அவள் இவனைப் பார்த்துச் சிரித்தாள்.

கயல்விழி.

தன் பெண்டாட்டியை அடுத்தவன் பெண்டாட்டியைப் பார்ப்பது போலத் தானே பார்த்திருக்கிறான். அப்படியானால் சிதம்பரத்திலிருந்து இந்தப் பஸ்ஸில் வந்தவன் எல்லாம் எப்படிப் பார்த்திருப்பான்?

"கண்ணாடி எங்கடி?"

"பையில கெடக்குது."

"எதிர்ல வர்றது தெரியுதா ஒனக்கு?"

"லாரில எழுதியிருக்கறதே தெரியுது மாமா. ஒஞ் சட்டையில மூணாவது பட்டன் அறுந்து தொங்குது, அதுவும் தெரியுது. லென்ஸ் போட்டிருக்கறன்." வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "மாஸ்க்கு போட்டா கண்ணாடி பூரா ஆவி கட்டிக்குது. ஒரு பெரியவரு கையில நரம்பு கெடைக்காம மூணு தரம் குத்திட்டன். எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கினன். போதும்னு ஆயிருச்சி."

"கேக்கவே இல்ல எங்கிட்ட."

"கேட்டா இன்னா சொல்லியிருப்ப?"

அவன் வண்டியைக் கிளப்பினான்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட்டுக்கொண்டே அவள்தான் எல்லாம் சொன்னாள். மேல வீதியில் கண்ணாடிக் கடை. பின்னால் கண் டாக்டரம்மா வந்து உட்காரும் அறை. கடையில் ராபர்ட் என்று ஒருத்தர்.

"அவருதான் போட்டுவுட்டாரு."

"போட்டுவுட்டாரா?"

"மொதத் தடவ அவுங்கதான் போடுவாங்க மாமா. மேலிமைய ஒரு வெரலால தூக்கி, கீழிமைய ஒரு வெரலால இழுத்துப் புடிச்சி, இன்னொரு கையால வச்சாரு. வச்சதே தெரியல. பூ மாரி."

'பூ மாரி' என்ற சொல் கொளஞ்சியப்பனின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. கல்யாணமாகி மூன்று வருசம். அவள் கண்ணை அவன் தொட்டதே இல்லை. தூசி விழுந்தால்கூட முந்தானையைச் சுருட்டி வாயால் ஊதி அவளே ஒற்றிக்கொள்வாள். எவனோ ஒருத்தன் கடையில் உட்கார வைத்து, மூச்சுப் படுகிற தூரத்தில் குனிந்து, கண்ணுக்குள் விரல் வைத்திருக்கிறான்.

"அழகா காட்டணும்னுதான போட்ட?" என்றான்.

"வேலைக்குத்தான் போட்டன். அழகாவும் இருக்குதில்ல? அதுல ஒனக்கு இன்னா கஷ்டம்?"

கேட்டுவிட்டுத் தம்ளரை நீட்டினாள். அவன் வாங்கிக் குடித்தான். சர்க்கரை போட்டாளா இல்லையா என்றே தெரியவில்லை.

மறுநாளிலிருந்து காலையில் வீட்டில் ராபர்ட்டின் குரல் கேட்க ஆரம்பித்தது. புதிதாக லென்ஸ் போடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் வாய்ஸ் மெசேஜாகப் போட்டு வைத்திருந்தான். அவள் போனை முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் சாய்த்து வைத்து, ஓடவிட்டு, அவன் சொல்லச் சொல்லச் செய்வாள்.

"மேடம், சோப்புல கை கழுவிட்டு நல்லா காயவிடுங்க. பூத்துவாலைல தொடைக்காதீங்க, நூல் ஒட்டிக்கும். எப்பவும் வலது கண்ணுலயே ஆரம்பிங்க, இல்லேன்னா எது எந்தக் கண்ணோடதுன்னு கொழம்பிடும். லென்ஸ வெரல் நுனில நிக்க வெச்சுப் பாருங்க. கிண்ணம் மாதிரி இருந்தா சரி. ஓரம் தட்டு மாதிரி விரிஞ்சிருந்தா உள்பக்கம் வெளிய வந்திருச்சு, திருப்பணும்."

முதல் நாலைந்து நாள் அவளுக்கு வரவில்லை. லென்ஸ் விரலிலேயே ஒட்டிக்கொண்டது, இமையில் மாட்டியது, ஒருமுறை சேலை மடிப்பில் விழுந்து இருவரும் தேடினார்கள். கண் சிவந்து தண்ணீர் கொட்டியது. கொளஞ்சியப்பனுக்குச் சந்தோசமாக இருந்தது.

"மொளகாப்பொடி போட்ட மாரி இருக்குது மூஞ்சி. பேசாம கண்ணாடியயே போடு."

"அவசரப்படாதீங்க மேடம்," என்றான் போனுக்குள் ராபர்ட், பக்கத்திலேயே நின்று கேட்டவன் போல. "கண்ணுக்குப் பயம். அது பழகணும். நீங்க மேல பாருங்க, கீழ வெள்ள முழியில வைங்க, அதுவா நகந்து எடத்துக்குப் போயிரும். கண்ணுக்குப் பின்னாடி எங்கயும் போயிராது. அப்பிடிப் போறதுக்கு வழியே இல்ல." கடைசியில் லேசாகச் சிரித்திருந்தான்.

அந்தச் சிரிப்புக்கு அவளும் சிரித்தாள். அடுத்த முறை லென்ஸ் உட்கார்ந்துவிட்டது.

வீட்டில் சட்டதிட்டங்கள் மாறின. மிளகாய் அரிந்த கையோடு லென்ஸைத் தொடக் கூடாதாம். "அதனால காலையில மொளகாயும் வெங்காயமும் நீ அரி மாமா." லென்ஸ் போட்ட பிறகுதான் மை, பவுடர் எல்லாம். ஒரு மணி நேரம்கூட அதோடு தூங்கக் கூடாது. லென்ஸைப் போட்டு வைக்கிற கேஸில் பழைய மருந்து நீரோடு புதிசைச் சேர்த்து ஊற்றக் கூடாது. எவனோ சிதம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறான், இவன் குடிகாட்டில் உட்கார்ந்து மிளகாய் அரிகிறான்.

அவள் குளிக்கப் போன நேரத்தில் ஒருநாள் போனை எடுத்துப் பார்த்தான். அந்தக் குரலைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அவள் அனுப்பியதெல்லாம் 'சரி சார்', 'வந்துடுச்சி சார்'. ஒன்றும் இல்லாததுதான் அவனை இன்னும் எரிய வைத்தது. இருந்தால் கேட்கலாம், கத்தலாம், போனைச் சுவரில் அடிக்கலாம். கடைசி மெசேஜை மட்டும் அவன் கேட்டிராததால் காதில் வைத்துக் கேட்டான்.

"முக்கியமா தண்ணி மேடம். குழாய்த்தண்ணி, கேன் தண்ணி, காய்ச்சின தண்ணி எதுவும் லென்ஸ் மேல படக் கூடாது. குளிக்கறதுக்கு முன்னாடி கழட்டிருங்க. காஞ்சு ஒட்டிக்கிச்சுன்னா இழுக்காதீங்க. மருந்துத் தண்ணி சொட்டு விட்டு, கண்ண மூடித் தெறந்து, நெகிழ்ந்த பெறகுதான் எடுக்கணும். முடியலேன்னா எனக்குப் போன் பண்ணுங்க, எந்நேரமா இருந்தாலும்."

எந்நேரமா இருந்தாலும். கொளஞ்சியப்பன் அதைத் திரும்ப ஓட்டிக் கேட்டான். தண்ணீர் பற்றிச் சொன்னதெல்லாம் அவன் காதில் ஏறவில்லை என்று சொல்ல முடியாது. ஏறியது. தண்ணி ஆவாதாம் கண்ணுக்கு, இவன் கண்டான், என்று நினைத்துக்கொண்டான்.

கம்பெனியில் எட்டு வருசம். ஆசிட், சோடா, பெயர் தெரியாத புகை எல்லாம் பார்த்தாயிற்று. அங்கே வேலைக்குச் சேர்கிற அன்றே மண்டையில் அடித்துச் சொல்வது ஒன்றுதான்: கண்ணில் எது பட்டாலும் யோசிக்காதே, தண்ணீரைத் திற, கண்ணைத் திறந்து வை, நிறுத்தச் சொல்லும்வரை ஊற்று. அலறின ஒரு ஹெல்பரைக் கழுத்தைப் பிடித்து இழுத்துப் போய்த் தண்ணீருக்குள் முகத்தை அமுக்கி, அவன் கண்ணைக் காப்பாற்றியவன் கொளஞ்சியப்பன். அதற்குக் கம்பெனி கைதட்டி ஒரு குக்கர் கொடுத்தது. அதில்தான் கயல்விழி சோறு வைக்கிறாள். அவனுக்குக் கண்ணைப் பற்றிச் சொல்லித்தர ஒரு கடைக்காரப் பையனா?

அதற்குள் ஊருக்கும் தெரிந்துவிட்டது. கேன்டீனில் தட்டைக் கொண்டுவந்து எதிரில் வைத்தான் இளவரசு. கூட வேலை பார்க்கிறவன், வாய் சும்மா இருக்காது.

"இன்னா மச்சான், எம் பொண்டாட்டி பஸ்ஸுல தங்கச்சியப் பாத்தாளாம். கண்டக்டரு எடம் புடிச்சிக் குடுக்கறானாமே?"

"மூடிக்கினு துன்னு."

"கோவத்தப் பாரு. நம்ம கம்பெனில லென்ஸு போட்டவன உள்ளயே வுட மாட்டான். தங்கச்சிய மட்டும் வுட்டுட்ட நீ."

சிரித்தது இளவரசு ஒருத்தன்தான். கொளஞ்சியப்பனுக்கு மேசை முழுக்கச் சிரித்தது போல இருந்தது. விரல்களைப் பார்த்தான். சாயப்பொடியின் மஞ்சள் நகக்கண்ணில் ஏறி, எந்தச் சோப்புக்கும் போகாமல் நின்றது. நெல்லிக்குப்பம் ஆலைக்கு அப்பாவோடு கரும்பு வெட்டின காலத்தில் காய்த்த காய்ப்பு அதற்கடியில் இருந்தது. இந்தக் கையால் எதையும் பூ மாதிரி வைக்க முடியாது. அது அவனுக்குத் தெரியும். தெரிந்ததுதான் வலித்தது.

சனிக்கிழமை அவள் தாமதமாக வந்தாள். கடைக்குப் போனாளாம். லென்ஸ் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ராபர்ட் ஒருமுறை கழற்றிப் பார்த்து மறுபடி போட்டுவிட்டானாம். கொளஞ்சியப்பன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. "பசிக்கல" என்றான். அவள் இரண்டுமுறை கூப்பிட்டுவிட்டுத் தட்டை மூடி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நெல்லிக்குப்பத்தில் அவன் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். கயல்விழி லென்ஸோடுதான் வந்தாள். மண்டபத்தில் பெண்களெல்லாம் அவள் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்கள். "அடியே, ஒனக்கு இம்மாம் பெரிய கண்ணா?" போட்டோக்காரன் இவர்களைத் தம்பதியாக நிற்க வைத்துவிட்டு, "அக்கா, நீங்க மட்டும் ஒண்ணு" என்றான். கொளஞ்சியப்பன் நகர்ந்து நின்றான். வேறென்ன செய்வான்?

சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினார்கள். சித்திரை வெயில். ஜன்னல் காற்று அடுப்பு வாயாக அடித்தது. கடலூர் வந்து அடுத்த பஸ் மாறினதும் அவள் அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தூங்கக் கூடாது என்பது அவனுக்கும் தெரியும். எழுப்பியிருக்கலாம். அந்தப் பெரிய கண் இரண்டும் மூடி, யாருக்கும் இல்லாமல், அவன் தோளில் கிடந்தது. அவன் எழுப்பவில்லை.

வீட்டுக்கு வந்து கழற்ற உட்கார்ந்தாள். இடது கண்ணில் வந்துவிட்டது. வலது கண்ணில் வரவில்லை. மருந்து நீரைச் சொட்டுவிட எடுத்தால் பாட்டில் கவிழ்த்தும் துளி வரவில்லை. கேஸில் ஊற்றினதோடு காலி.

"ஒட்டிக்கிச்சி மாமா. ஆணி அடிச்ச மாரி இருக்குது. அந்தப் போனக் குடு."

"எதுக்கு?"

"ராபர்ட்டுக்குப் போடறன். கடலூர்ல எந்தக் கடையில இது கெடைக்கும்னு கேட்டா சொல்லுவாரு. வண்டில போயி வாங்கியாந்துரு."

"ஞாயித்துக்கெழமை கூட அவந்தானா?"

"அப்ப யாரக் கேக்கறது?"

"எந்திரி. இங்க வா. எங்கிட்ட கேளு." அவள் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப் போனான். துவைக்கும் கல்லில் உட்கார வைத்தான். போர்த் தண்ணீர் குடத்தில் இருந்தது. சொம்பில் மொண்டான்.

"மாமா, வேணாம். தண்ணி படக் கூடாது."

அவன் கை நின்றது. நின்றது உண்மை. அவளும் அதோடு வாயை மூடியிருந்தால் அவன் சொம்பைக் கீழே வைத்திருப்பான்.

"தண்ணி படவே கூடாதுன்னு ராபர்ட்டு சொல்லியிருக்காரு."

அவன் அவள் நெற்றியில் கை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்தான். கட்டைவிரலால் இமையைத் தூக்கினான். ஊற்றினான். அவள் திமிறினாள், முழங்காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டான். குடம் தீரும்வரை ஊற்றினான். பிறகு விரலை வைத்து லென்ஸை ஒதுக்கினான். முதலில் வரவில்லை. இரண்டாவது முறை நகத்தில் தொற்றிக்கொண்டு வந்தது.

"பாத்தியா? வந்துருச்சி. இதுக்கு ஒரு போனு."

அவள் முகத்தைத் துடைக்கவில்லை. ரவிக்கை நனைந்து, மை கன்னத்தில் ஓடி, கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த நாள் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். அதற்கடுத்த நாளும். கண் சிவந்திருந்தது. கொளஞ்சியப்பன் நிறுத்தத்தில் நின்று, சுண்டைக்காய்க் கண்ணோடு இறங்கின பழைய பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு வந்தான். வழியில் பக்கோடா வாங்கினான். அவளுக்கு வலிக்கிறது என்று தெரியும். இருந்தாலும் அவனுக்கு மனசு லேசாகத்தான் இருந்தது. அதை மறைத்து எழுத ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை அவளால் வெளிச்சம் பார்க்க முடியவில்லை. ஜன்னலில் சேலையைத் தொங்கவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கண் குங்குமம் போலச் சிவந்து, கறுப்பு முழியில் ஓரமாக ஒரு சாம்பல் புள்ளி. அதைப் பார்த்ததும் அவன் சட்டையை எடுத்து மாட்டினான்.

"கடலூர் போலாம் வா. பெரியாஸ்பத்திரிக்கு."

"ராபர்ட்டுக்குப் போன் போட்டுட்டன்," என்றாள் சுவரைப் பார்த்தே. "இன்னிக்கி டாக்டரம்மா கடையிலதான் இருக்காங்களாம். ஒடனே வரச் சொன்னாரு. லென்ஸையும் கேஸையும் எடுத்தாரச் சொன்னாரு. நீ வர்றதுன்னா வா."

பஸ்ஸில் முந்தானையைத் தலையிலிருந்து கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு வந்தாள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் எது வந்தபோதும் அதை விலக்கவில்லை.

கடை வாசலிலேயே ராபர்ட் நின்றிருந்தான். இவ்வளவு நாளும் கொளஞ்சியப்பன் மனசுக்குள் அவனை எத்தனையோ விதமாகச் செய்து பார்த்திருந்தான். நிஜம் அதைவிட மோசமாக இருந்தது. நல்ல உயரம், சவரம் செய்த முகம், நகம் ஒவ்வொன்றும் களைந்து வைத்த அரிசி போல. "வாங்கண்ணே" என்றான். அந்த அண்ணே இவனுக்குப் பிடிக்கவில்லை. அவளைக் கைப்பிடித்து அழைக்காமல், முன்னால் நடந்து, வழியில் கிடந்த ஸ்டூலை நகர்த்தி, உள்ளறை விளக்கை அணைத்தான். அந்த மரியாதையும் பிடிக்கவில்லை.

டாக்டரம்மா அவளை மெஷினில் தாடையை வைக்கச் சொல்லி நீல வெளிச்சத்தில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கருவிழியில புண்ணு. அதுக்கு நடுவுல கீறல் இருக்கு. நகம் பட்ட மாதிரி. தண்ணி பட்டுச்சாம்மா?"

கயல்விழி மெஷினிலிருந்து தாடையை எடுத்தாள். "மூஞ்சி கழுவறப்ப பட்டிருக்கும் மேடம்."

அவள் தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது கொளஞ்சியப்பனுக்குப் புரிந்தது. சுவரோடு சாய்ந்து நின்றான்.

"மூஞ்சி கழுவி நகம் படுமா?" டாக்டரம்மா நிமிர்ந்தார். "கடைசியா யார் கழட்டினது? ராபர்ட், நீயா?"

"போன வாரம் சனிக்கிழமை ஃபிட்டிங் பாக்கக் கழட்டினேன் மேடம். ஆனா அன்னிக்குக் கண்ணு நல்லா இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சுன்னு நீ சொல்ற."

பேச்சு வெளியே கேட்டுக் கடை முதலாளி தட்சிணாமூர்த்தி உள்ளே வந்தார். பெண்ணின் கண்ணைப் பார்த்தார், ராபர்ட்டைப் பார்த்தார்.

"என்னடா பண்ணித் தொலச்ச?"

"சார், நான் ஒண்ணும் பண்ணல. தண்ணி படக் கூடாதுன்னு வாய்ஸே அனுப்பியிருக்கேன்."

"அனுப்பிச்சிட்டா ஆச்சா? அந்தப் பொண்ணு கண்ணு போனா ஒன் வாய்ஸ வச்சி நான் இன்னா பண்றது? நாளைக்கி அவுங்க சொந்தக்காரன் நாலு பேரு வந்து கடைய ஒடச்சான்னா? நீ மொதல்ல அந்தக் கோட்டக் கழட்டு. கெளம்பு."

ராபர்ட்டின் முகம் செத்துப்போயிற்று. காது மடல் சிவந்தது. அவன் யாரையும் பார்க்காமல் வெள்ளைக் கோட்டின் பட்டனில் கை வைத்தான்.

கொளஞ்சியப்பனுக்கு அது இனித்தது. நாக்கில் வெல்லம் வைத்தது போல உண்மையிலேயே இனித்தது. இவ்வளவு நாள் மிளகாய் அரிந்ததற்கும், போட்டோவில் நகர்ந்து நின்றதற்கும், பூ மாரிக்கும் எல்லாவற்றுக்குமாக அந்த விரல் பட்டனைத் துழாவியது. பேசாமல் நின்றால் போதும். அவன் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ராபர்ட் போய்விடுவான். இந்தக் குரல் இனி வீட்டில் கேட்காது.

டாக்டரம்மா மருந்துச் சீட்டை எடுத்தார். "சாதாரணக் கிருமின்னு வச்சுதான் இப்ப சொட்டு மருந்து எழுதறேன். நெறைய தண்ணி பட்டிருந்தா வேற கத. தண்ணியில இருக்கற கிருமி ஒண்ணு இருக்கு. அதுக்கு இந்த மருந்து கேக்காது. ஒரு வாரம் தப்பான மருந்துல ஓட்டினா முழி நடுவுல வெள்ளையா விழுந்துரும். அப்பறம் பார்வை திரும்பாது. அதான் கேக்கறேன். நல்லா யோசிச்சு சொல்லும்மா. மூஞ்சி கழுவினது மட்டும்தானா?"

கயல்விழி கண்ணாடி இல்லாமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு கண்ணால் அவன் நிற்கிற பக்கம் திரும்பினாள். அவ்வளவு தூரத்திலிருந்து அவளுக்கு அவன் முகம் தெரியாது. வெறும் கறுப்பாக ஒரு ஆள் நிற்பதுதான் தெரியும்.

பேனா சீட்டில் ஓட ஆரம்பித்தது.

"நாந்தான்," என்றான்.

"என்ன?"

"நாந்தான் ஊத்தனன். போர்த் தண்ணி. ஒரு கொடம். லென்ஸு கண்ணுல இருக்கறப்பவே. நகத்தால எடுத்ததும் நாந்தான்." "கம்பெனில அப்பிடித்தான் சொல்லிக்குடுத்தாங்க. வேணாம்னு இவ சொன்னா. இவரும் போன்ல சொல்லியிருக்காரு, நான் கேட்டன். இவரு பேர இவ சொன்னதால ஊத்தனன்."

தட்சிணாமூர்த்தி, "இன்னாய்யா மனுசன் நீ" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். ராபர்ட் பட்டனிலிருந்து கையை எடுத்தான். டாக்டரம்மா எழுதின சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, கண் மரத்துப்போகச் சொட்டு விட்டு, புண்ணிலிருந்து சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். வேறு மருந்து எழுதினார். முழித்திருக்கிற நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு. மாசக்கணக்கில் ஆகலாம். "வடு நிக்குமா நிக்காதான்னு இப்ப சொல்ல மாட்டேன்" என்றார்.

முதல் சொட்டை யார் விடுவது என்று வந்தபோது கொளஞ்சியப்பன் முன்னால் வந்தான்.

"நீ வேணாம்," என்றாள் கயல்விழி. "ராபர்ட்டு வுடட்டும்."

ராபர்ட் இவனைப் பார்த்தான். இவன் தலையசைத்தான். அசைக்கத்தான் வேண்டியிருந்தது. ராபர்ட் குனிந்தான். இரண்டு விரலால் இமையைப் பிரித்தான். அவள் பதறாமல், முகத்தை அவன் கைக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். கொளஞ்சியப்பன் பார்த்துக்கொண்டு நின்றான். எரிந்தது. புண்ணில் ஆசிட் பட்டது போலத்தான் எரிந்தது. தப்பு தன்னுடையது என்று தெரிந்தும் எரிச்சல் ஒரு பொட்டும் குறையவில்லை.

"பாத்துக்கிட்டீங்களாண்ணே?" என்றான் ராபர்ட். "வீட்ல நீங்கதான் விடணும். பாட்டில் நுனி எதுலயும் படக் கூடாது. நகத்த ஒட்ட வெட்டிருங்க."

"பாத்துக்கினன்," என்றான்.

திரும்பும் பஸ் புதுச்சத்திரம் நெருங்கும்போது அடுத்த சொட்டுக்கு நேரமாகிவிட்டது. ஓடுகிற பஸ்ஸில் முடியாது. இறங்கினார்கள். நிழற்குடையில் கூட்டம். பள்ளிக்கூடம் விட்ட பெண்கள், வேர்க்கடலை விற்கிறவள், பைக்கில் சாய்ந்து நின்ற இரண்டு மூன்று வாலிபர்கள். கயல்விழி சிமெண்டு மேடையில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். முந்தானையைத் தள்ளினாள். முகத்தை நிமிர்த்தினாள்.

ஒரு கண் வீங்கிச் சிவந்தும், இன்னொரு கண் பெரிதாகத் திறந்தும், முழு முகமும் வெட்டவெளியில் எல்லோருக்கும் முன்னால் இருந்தது. அவன் இமையில் விரல் வைத்தான். சட்டென்று இமை இறுக மூடிக்கொண்டது. விரலை எடுத்தான். மறுபடி வைத்தான். மறுபடி மூடிக்கொண்டது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. கண்ணே அவனை நம்பவில்லை.

"கைய எடு மாமா. இமைய நான் புடிச்சிக்கறன். நீ மருந்த மட்டும் வுடு."

அவள் தன் விரலால் இமைகளைப் பிரித்துப் பிடித்தாள். அவன் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தான். பைக்கில் சாய்ந்திருந்தவர்களில் ஒருத்தன் கழுத்தை நீட்டி இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கொளஞ்சியப்பன் அவனை முறைத்தான். பாட்டில் ஆடி, சொட்டு அவள் கன்னத்தில் விழுந்து ஓடியது.

"அங்க யாரப் பாக்கற?" என்றாள் கயல்விழி, இமையை விடாமல். "என் கண்ணப் பாத்து வுடு."

அவன் குனிந்தான். அந்தப் பையன் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.